செத்ததுபோல் கிடந்த வண்டுகள்

என் மனைவிக்கு வேலை வண்டு வளர்ப்பது. ஊரே அரிசி வண்டை விரட்டப் பாடுபட, இவள் தானிய ஆய்வுக்கூடத்தில் அதைப் பாட்டில் பாட்டிலாக வளர்க்கிறாள். எந்த மருந்துக்கு எத்தனை செத்தன என்று எண்ணிச் சொல்வதும் இவள்தான். கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர் 'எமன் செக்ரட்டரி'. வீட்டில் நான் ஓர் எறும்பை மிதித்தால் திட்டு விழும். அது வேறு கதை.

போன மாதம், ஜூஸ் கடையில் குப்பைக்குப் போகும் ஆரஞ்சுத் தோலில் எண்ணெய் எடுத்து வண்டுக்கு வைத்துப் பார்க்கலாமே என்றாள். இருபது வருடத்தில் அவளுடைய சொந்த யோசனை ஒன்று சோதனைக்குப் போவது இதுதான் முதல் தடவை. மூன்று நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோலை மூட்டை மூட்டையாகச் சுமந்தவன் நான். அதை யாரும் எங்கேயும் எழுதவில்லை.

கோதுமையோடு ஐம்பது வண்டுகளைப் பாட்டிலில் போட்டு, எண்ணெய் நனைத்த காகிதத்தை மூடிக்குள் ஒட்டி அடைத்தார்கள். வாசனையே கொல்ல வேண்டும். மறுநாள் ஐம்பதும் கால்களை மடக்கி மல்லாந்து கிடந்தன. எண்ணெய் வைக்காத பாட்டிலிலோ எல்லாம் ஜாம்ஜாமென்று ஊர்ந்தன. இவளுடைய மேலதிகாரியான ஆய்வாளர் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஐம்பதுக்கு ஐம்பது! எழுதிடலாமா?"

"வேண்டாம் மேடம். இதுங்க பலே கில்லாடிங்க. மயங்கியிருக்கும், இல்லேன்னா செத்த மாதிரி நடிக்கும். காத்தாட வெச்சு நாளைக்கு எண்ணுவோம்."

"உங்க எண்ணெய்க்கு நீங்களே வேட்டு வைக்கறீங்களே!"

வீட்டுக்கு வந்து என்னிடம் புலம்பினாள். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"இருந்திருக்கலாம். நாளைக்கு யாரோ வீட்டு அரிசியில அதுங்க எழுந்து நடந்தா?"

மறுநாள் நானும் கூடப் போய் வராந்தாவில் நின்றேன். உள்ளே அவள் ஒவ்வொரு வண்டையும் ஊசி முனையால் தொட்டு, வாயால் சூடாக ஊதிப் பார்த்தாளாம். இரண்டு எழுந்து நடந்தன. மற்றவை அசையவே இல்லை. ஓடி வந்தவள் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"நாப்பத்தெட்டுங்க! நிஜமான நாப்பத்தெட்டு!"

என் கண் ஏன் கலங்கியது என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காபி போடுவது என் முறை. நான் அசையாமல், அளவாகக் குறட்டை விட்டபடி கிடந்தேன். காதருகே சூடாக ஊதினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மூணாவதும் எழுந்தாச்சு," என்றாள்.