நிலத்தை விற்று வாங்கிய கார்

புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டின் கொட்டகையில்தான் அதை முதலில் பார்த்தேன். வீட்டுக்காரர் குடும்பத்தோடு பிரான்சுக்கே போகவிருந்தார். காரையும் கொண்டுபோகலாமே என்று கேட்டேன். "அங்கே இதைவிட நல்லதாகப் பத்து கிடைக்கும்" என்றார். அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மங்கிய நீல நிறம். இரண்டு கதவு, இரண்டு உருண்டை விளக்கு, பின்னால் மடித்து வைத்த துணிக்கூரை. நான் பிரெஞ்சு நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்து உருப்படாமல் போனவன். அவற்றில் ஆண்கள் திறந்த காரில் கடலோரமாகப் போவார்கள், பெண்கள் சிரிப்பார்கள், கழுத்துத் துணி காற்றில் பறக்கும். ஒரு நாவலில்கூட ரேடியேட்டர் கொதித்ததில்லை.

வாங்கப் பணம் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்கா சொல்லிவிடுவாள். கூடுவாஞ்சேரிக்கு உள்ளடங்கி எங்கள் அப்பா பயிர் வைத்த நிலம், அவருக்குப் பின் எனக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதியாக வந்தது. அக்கா தன் பாதியில் வீடு கட்டிக்கொண்டாள். என் பாதியைச் சும்மா போட்டுவைக்கச் சொன்னாள். சும்மா போட்டுவைப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. கல்யாணம் உட்பட எல்லாவற்றையும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனாலும் நிலத்தை விற்றேன். என் பெயரில் இருந்த நிலம், சட்டப்படி விற்றேன், இன்றைக்கும் அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாங்கியவர் ஐந்து மாடி கட்டினார். அக்கா வீட்டு மொட்டைமாடியில் மத்தியானத்துக்கு மேல் வெயில் விழாமல் போயிற்று. வடகம் காயவில்லை.

பணத்தில் பெரும்பங்கு தாம்பரத்தில் நான் குடியிருக்கும் ஃபிளாட்டுக்குப் போனது. அது யார் கண்ணிலும் படவில்லை. மிச்சத்தில் வாங்கிய கார் எல்லார் கண்ணிலும் பட்டது. "நெலத்த வித்துட்டு மேல கூரைகூட இல்லாத வண்டி வாங்கியாந்திருக்கான்" என்று அக்கா சொன்னதாகச் சொந்தக்காரர்கள் நான்கு பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். ஒருவர் சிரிக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை.

திறந்த காரை ஓட்டத் தோதான பருவம் சென்னையின் தென்புறத்தில் ஒன்று உண்டு. மார்கழியில், காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை. மற்ற நேரத்தில் கூரையைத் திறந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும், மூடினால் உள்ளே இட்லி வேகும். மழைக்காலத்தில் கூரை மூடியிருந்தாலும் உள்ளே மழை பெய்யும், வெளியே விட்ட பிறகும் சற்று நேரம் பெய்யும். ஜி.எஸ்.டி. ரோட்டில் திறந்து ஓட்டிய ஒரே நாள், பக்கத்தில் போன பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருவர் என் மடியில் ஆரஞ்சுத் தோலைப் போட்டார். வேண்டுமென்று போடவில்லை. குப்பை வண்டி என்று நினைத்திருக்கலாம்.

ஸ்டியரிங் வேறு இடது பக்கம். போலீஸ்காரர் நிறுத்தினால் வழக்கப்படி வலது பக்கம் வந்து லைசென்ஸ் கேட்பார். அங்கே கீரைக்கட்டு உட்கார்ந்திருக்கும்.

சேலையூரில் ஒரு மெக்கானிக் கிடைத்தார். கிடைத்தார் என்றால், மற்றவர்கள் மாட்டேன் என்று சொன்ன பிறகு மிஞ்சினார். முதல் நாள் பேனட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"இன்னா சார் வண்டி இது? எது எங்க கீதுன்னே தெர்ல."

"உங்களுக்குமா தெரியவில்லை?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? நீ தான படிச்சவரு. இந்த வண்டிய செஞ்சவன் ஒரு வாட்டி தாம்பரம் வந்து வெயில்ல நின்னிருந்தான்னு வையி, மேல கூரை போட்டிருப்பான். ஒரே பேஜாரு சார்."

ஆனாலும் செய்தார். பிரான்சிலிருந்து வரவேண்டிய சாமான்கள் வராத இடத்தில் ஆட்டோவின் சாமான்களைப் பொருத்தினார். பொருந்தாத இடத்தில் பொருந்தும்வரை தட்டினார். ஒவ்வொரு முறை வண்டியை எடுத்து வரும்போதும் அதில் பிரான்ஸ் கொஞ்சம் குறைந்திருந்தது. சூட்டை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "ஓடிகினே இருந்தா ஒண்ணும் ஆவாது சார். நின்னா சூடாவும். மெதுவா போனாலும் சூடாவும்" என்றார். அப்படியானால் இதைக் குரோம்பேட்டை நெரிசலில் ஓட்டவே முடியாதே என்றேன். "யாரு ஓட்டச் சொன்னா?" என்றார்.

ஊரில் திறந்த காருக்கு மக்கள் அறிந்த உபயோகம் ஒன்றுதான், மாப்பிள்ளை அழைப்பு. வாரம் ஒருவராவது வாசல் மணியை அழுத்தி, "சார், வண்டி வாடகைக்கு வருமா?" என்று கேட்பார்கள். வராது என்பேன். என் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்கே கூச்சமாக இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அக்காவிடமிருந்து போன் வந்தது. நலமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"தம்பிக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம்."

அவள் மகனைத்தான் தம்பி என்பாள். எங்கள் குடும்பத்தில் அடுத்த தலைமுறை என்று சொல்ல இருப்பது அவன் ஒருவன்தான். கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்து. தாய்மாமன் மடி.

"சந்தோஷம்க்கா" என்றேன்.

"மாப்ள அழைப்புக்கு உன் வண்டி வேணும். அதுலதான் எம்புள்ள வரணும்."

"அதுக்கென்னக்கா, கண்டிப்பா."

"கண்டிப்பாவா? இல்ல, நடுரோட்ல நிக்குமா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கேலி செய்தாளே, அது போதும் என்று இருந்தது. கோபம் போனால்தானே கேலி வரும் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். வாடகைக்கு வராத வண்டியை அன்று மாலையே சேலையூருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கூரைக்குப் புதுத்துணி, சீட்டுக்குப் புது ரெக்சின், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டல். எனக்கும் பட்டுக்கரை வேட்டி ஒன்று. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் நெற்றியில் தாய்மாமன் கட்டவேண்டிய தங்கப் பட்டத்தையும் நகைக்கடையில் சொல்லிச் செய்து வாங்கினேன். அக்கா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லைதான். மாமன் பட்டத்தை மாமனுக்கு யாராவது நினைவுபடுத்துவார்களா?

அழைப்பு அன்று சாயங்காலம் அக்கா ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். பூ அலங்காரம் செய்பவர் வந்து நீலப் பெயின்ட் மேல் கணக்கில்லாமல் டேப் ஒட்டினார். அய்யர் பேனட்டில் சந்தனத்தை அப்பினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக வந்து பின் சீட்டின் முதுகில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி உயரமாக உட்கார்ந்தான். "தேங்க்ஸ் மாமா. செம வண்டி" என்றான். எனக்கு அந்த மாலை அதோடு முடிந்திருக்கலாம்.

முன்னால் பேண்டு, அதற்குப் பின்னால் ஆடுகிறவர்கள், அதற்குப் பின்னால் நான். மண்டபம் நேர்ரோட்டில் இருக்கிறது. ஆனால் பேண்டு திடீரென்று இடது பக்கத் தெருவில் திரும்பியது. வழி தெரியாமல் போகிறார்கள் என்று ஹாரன் அடித்தேன். அக்கா காரின் பக்கத்திலேயே நடந்துவந்தாள். "நான்தான் சொன்னேன். போ" என்றாள்.

அது எங்கள் நிலம் இருந்த தெரு. ஐந்து மாடிக் கட்டடத்தின் கேட்டுக்கு நேராக வந்ததும் அவள் கையைத் தூக்கினாள். பேண்டு நின்றது. நானும் நிறுத்தினேன்.

"தம்பி, இதாண்டா உன் தாத்தா நெலம். அந்த லிஃப்ட் இருக்கற எடத்துல கெணறு இருந்துச்சு."

"அம்மா, விடும்மா. வீடியோ எடுக்கறாங்க."

"எடுக்கட்டும், அதுக்குதான் சொல்றேன். இதத் தாத்தா உனக்குன்னு வெச்சாரு. வித்து வண்டியாக்கிட்டாங்க. நெலத்துல ஒக்கார குடுத்து வெக்கல, வண்டியிலயாச்சும் நல்லா சாஞ்சு ஒக்காரு. இதுவும் உன் தாத்தா சொத்துதான்."

என் முதுகுதான் அவர்கள் பக்கம் இருந்தது. யாரும் என் பெயரைச் சொல்லவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் செல்போனை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்தபடி கட்டடத்தைப் படம் பிடித்தார்கள். திரும்பி ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். வடகத்துக்கு வருத்தம் தெரிவிக்கலாம். அல்லது, உன் பாதியில் நீ கட்டிய வீடு மட்டும் வயலா என்று கேட்கலாம். இரண்டையும் மனதுக்குள் திருத்தித் திருத்தி நல்ல வாக்கியமாக்கிக்கொண்டிருந்தபோது முன்னால் புகை வந்தது. சந்தனம் கருகும் வாசனையும் வந்தது.

கட்டடத்தின் வாட்ச்மேன் ஓடி வந்தார். வழக்கம்போல வலது பக்கம் வந்தவர், அங்கே யாரும் இல்லாததைக் கண்டு சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், வெளி வண்டிங்கள இங்க நிறுத்தக் கூடாது."

"நிறுத்தவில்லை. நின்றுவிட்டது."

"அதான் சார், எடுத்துருங்க."

மாப்பிள்ளை அழைப்பில் வண்டி ஏறியவன் மண்டபம் வரும்முன் இறங்கக் கூடாது. இறங்கட்டுமா என்று அவன் கேட்டபோது பத்துக் குரல்கள் கூடாது என்றன. ஆகவே தள்ளினார்கள். எங்கள் பெரியப்பா மகன் முதலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை வைத்தான். ஆடியவர்கள் எல்லாரும் கை வைத்தார்கள். பேண்டு மறுபடி ஆரம்பித்தது. என்ஜின் செத்த காரில் நான் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு, தலைக்குமேல் மாப்பிள்ளையோடு, மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்காவுக்கு வருத்தமே இல்லை. பல வருஷங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் அவ்வளவு தெளிவைப் பார்த்தேன். வண்டி இதைவிட நன்றாக ஓடியிருக்கவே முடியாது.

மண்டப வாசலில் என் பக்கம் குனிந்து, "காலைல முகூர்த்தத்துக்கு வண்டி வேணாம்" என்றாள். வண்டி என்றுதான் சொன்னாள். நான் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் பட்டுக்கரை வேட்டியோடு, நான் செய்து வாங்கிய பட்டத்தை மடியில் செருகிக்கொண்டு, தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போனேன். நடுவரிசையில் ஓரமாக இடம் கிடைத்தது. மைக்கில், "தாய்மாமன் பட்டம் கட்ட வரலாம்" என்றார்கள். பாதி எழுந்தேன். அதற்குள் மேடையில் பெரியப்பா மகன் நின்றுகொண்டிருந்தான். அக்கா தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த பட்டத்தை நெற்றியில் கட்டினான். முன்னமே பேசி வைத்ததுதான், அவன் துண்டு மாப்பிள்ளை வேட்டியின் கரைக்குப் பொருத்தமாக இருந்தது. நான் வேட்டியைச் சரிசெய்வதற்காக எழுந்தவன்போல் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தேன்.

எனக்கு முன்வரிசையில் இரண்டு பெண்கள்.

"நேத்து அந்த நீல வண்டி ஓட்டினாரே, அவரு சொந்தமா?"

"தெர்லக்கா. வாடகை வண்டியாதான் இருக்கும். சொந்தக்காரன் வண்டின்னா இப்படி நடுவழியில நிக்குமா?"

மேளம் வேகமெடுத்தது. எல்லாரும் எழுந்து அட்சதை போட்டார்கள். நானும் பலமாகத்தான் வீசினேன். மேடை வரைக்கும் போகவில்லை. முன்னால் நின்ற பெரியவரின் வழுக்கையில் விழுந்தது. அவர் திரும்பி என்னை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "பாத்துப் போடுங்க சார்" என்றார்.