அக்காவின் வயலில் இறங்கிய தாராக்கள்

போன கிழமை கொக்கட்டிச்சோலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, கழுத்தில் பைனாகுலர் தொங்க ஒரு பெடியன் வந்து, "அங்கிள், பறவை பாக்கிற இடத்துக்கு எந்தப் பக்கத்தால போகணும்?" என்று கேட்டான். "தெரியாது மகன்" என்றேன். அவன் கேட்ட அந்தச் சதுப்பில் கண்ணைக் கட்டி விட்டாலும் கால் நனையாமல் நடந்து வருவேன். பொய்யைச் சொல்லிவிட்டு, அவன் போகும்வரை என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவனுடைய மழைக்கோட்டிலிருந்து நனைந்த பிளாஸ்டிக் மணம் வந்தது. உங்களுக்கு அது என்னவோ, எனக்கு அது பள்ளிக்கூடம் விட்ட வருசத்தின் மணம். ஐந்தாம் வகுப்போடு அப்பா என்னை வட்டைக்குக் கூட்டிப்போனார். வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். விதைப்புக் காலத்தில் வாவியோரச் சதுப்பிலிருந்து காட்டுத்தாராக்கள், காட்டு வாத்துகள்தான், கூட்டமாக வந்து முளைநெல்லைத் தின்னும். மழைக்கு உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வரம்பில் இருந்து கத்துவதுதான் என் வேலை. வாத்தியார் என் பெயரைக் கேட்டாலே குரல் அடைத்துப்போகிற எனக்கு, தாராவைக் கண்டால் மட்டும் தொண்டை திறக்கும். சோறு கொண்டுவரும் அக்கா கேலி செய்வாள்: "டேய், இந்தச் சத்தத்தில பாதிய ஆக்களோட கதைக்கக்குள்ள வையன்டா. ஒரு பொம்பிளையாவது கிடைக்கும்." கிடைத்தது. அதுவும் அக்கா பேசி முடித்ததுதான்.

பிற்காலத்தில் அந்தச் சதுப்பைப் பறவைகளுக்கென்று ஒதுக்கிப் பலகை நட்டார்கள். வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. நிரந்தர வேலை. கூலிக்கு வரம்பு கட்டித் திரிந்தவனுக்கு அது எப்படியிருக்கும், சொல்லுங்கள். அதிகாரியிடம் என்னை இழுத்துப்போனவளும் அக்காதான்.

"இவனுக்குக் கதைக்க வராது சேர். ஆனா இடம் தெரியும்."

அதிகாரி சிரித்தார். "கதைக்காத ஆள்தான் வேணும். சத்தம் போட்டா எல்லாம் எழும்பிரும். புதன்கிழமை பின்னேரம் ஒரு குழு வருது. காட்டுங்க, பாப்பம்."

என் கூச்சத்தை ஒரு தகுதியாக எண்ணியவர் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

அது மார்கழி. வெள்ளம் அக்காவின் இரண்டு ஏக்கரையும் கழுவிக்கொண்டு போயிருந்தது. அத்தான் செத்த பிறகு அவளே பார்த்துச் செய்த வயல். சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த நெல்லை முளைக்கப் போட்டு, மறுபடி விதைத்திருந்தாள். புதன்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். "நான் வரும் வரைக்கும் வட்டையப் பாத்துக்கொள்ளடா தம்பி" என்றாள். "ஓம் அக்கா" என்றேன். வயல் சதுப்பின் ஓரத்திலேதான் கிடந்தது. ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

கொழும்பிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். மழை விட்ட பின்னேரம், தண்ணீர் ஈயம் போலக் கிடந்தது. கூழைக்கடா, நீர்க்காகம், வலை கட்டும் கம்பில் இருந்த மீன்கொத்தி என்று எல்லாவற்றையும் விரலால் காட்டினேன். வாய் திறக்கவில்லை. அதிகாரி என் தோளைத் தட்டினார். அந்த நேரம் பார்த்துத் தாராக் கூட்டம் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அக்காவின் வயலில் இறங்கியது. ஆறு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். "என்ன வடிவு!" என்று ஒரு அம்மா மெல்லச் சொல்லி, தன் பைனாகுலரை என் கையில் தந்தார். "நீங்களும் பாருங்க."

அதுவரை தாரா எனக்குத் தூரத்தில் தெரிகிற கறுப்புக் கூட்டம்தான். கண்ணாடிக்குள் அதன் கண் தெரிந்தது. அலகு சேற்றை உழுவது தெரிந்தது. அலகோரத்தில் நூல்போல ஒரு வெள்ளை முளை தொங்கியது. அடுத்த கொத்தில் அதுவும் போனது.

நான் உடனே கத்தவில்லை. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. மாதச் சம்பளத்தையும் மகளின் படிப்பையும் நினைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு தொண்டை தானாகத் திறந்தது.

"ஓ... ஹோய்!"

வயல் மட்டுமல்ல, சதுப்பு முழுவதும் எழும்பிப் போயிற்று. வானம் கொஞ்ச நேரம் இருண்டது. அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார். "என்ன மனிசனய்யா நீங்க!" என்றார் அதிகாரி. அது என் அக்காவின் நெல் என்று நாலு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த நாலு சொல் வரவில்லை. பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரம்பால் நடந்தேன். வேலை வேறொருவருக்குப் போனது.

பொழுது படுவதற்குள் அக்கா வட்டைக்கு வந்துவிட்டாள். பஸ்ஸிலேயே கதை அவளுக்கு எட்டியிருந்தது.

"கத்தினியாமே?"

"ஓம்."

குனிந்து சேற்றைக் கையால் துழாவினாள். ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டாள்.

"கொஞ்சம் முந்திக் கத்தியிருக்கலாமேடா."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் போகம் அவள் ஒன்றும் அறுக்கவில்லை. அடுத்த வருசம் காணியை விற்றாள். இப்போது அங்கே கிறவல் மண் கொட்டி, பறவை பார்க்க வருகிறவர்களின் வாகனங்களை நிறுத்துகிறார்கள். தாராக்கள் அந்தப் பக்கம் இறங்குவதில்லை. வயல் போனது, வேலை போனது, அதெல்லாம் போகட்டும். அக்காவும் நானும் அடுத்தடுத்த வளவுதான். கதைக்கிறாள், சிரிக்கிறாள், கறி வைத்தால் ஒரு கோப்பை கொடுத்தனுப்புகிறாள். ஆனால் எங்காவது போகிற நாளில் வீட்டைப் பூட்டி, திறப்பை எடுத்துக்கொண்டு, என் வாசல் படலையைத் தாண்டிப் போய், மூன்றாம் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள்.