வெர்லீன் சிஸ்டருக்குத் தொண்டை கட்டிய கதை

எங்கள் ஊரில் யாராவது நோயில் படுத்துவிட்டால் டாக்டருக்கு முன்னால் எங்கள் சர்ச் சபையின் வெர்லீன் டாக்கெட் சிஸ்டர் வந்துவிடுவார். கையில் ஆவி பறக்கும் கண்ணாடிப் பாத்திரம். உள்ளே கோழியும் சோறும் சீஸும், மேலே நொறுக்கிய உப்பு பிஸ்கட். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தால் மட்டும் போதாது. வழித்துச் சாப்பிட்டார்களா என்று விசாரிப்பார். மிச்சம் வைத்த வீட்டுக்காரர்களின் பெயர் ஜெபக் கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாகவே உச்சரிக்கப்படும்.

அந்த வருஷம் எங்கள் ஆர்கன்சா மாநிலம் முழுக்க ஒரே பேச்சு. நோயாளிகளுக்குக் கஞ்சாவை மருந்தாகக் கொடுக்கலாமா என்று நவம்பரில் ஓட்டு. எங்கள் ஊர் 'வேண்டாம்' கமிட்டிக்கு முகம் வெர்லீன் சிஸ்டர். அவர் தட்டினால் திறக்காத கதவு கிடையாது. பணம் கார்லண்ட் ப்ரூயிட்டுடையது. எங்கள் மாவட்டத்தில் மது விற்கக் கூடாது. அதனால் கார்லண்டின் மதுக்கடை எல்லைக்கு அந்தப் பக்கம், எச்சில் துப்பினால் விழும் தூரத்தில் இருக்கிறது. சனிக்கிழமையானால் சபையில் பாதிப் பேர் அங்கே நிற்பார்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. 'கஞ்சா வந்தால் குடும்பம் அழியும்' என்று பலகை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். குடும்பங்கள் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை. பலகைகளை ஊர் இளசுகள் நாங்கள் தலைகீழாக நட்டு வைப்போம். சிஸ்டர் சலிக்காமல் நிமிர்த்துவார்.

அப்போதுதான் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்த ஹாலிஸ் மேப்ரிக்குப் புற்றுநோய் வந்தது. சிஸ்டரின் பாத்திரம் போனபடியே நிரம்பித் திரும்பியது. உப்பைக் குறைத்தார், கோழியை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர், அவருக்குத் தண்ணியே தங்க மாட்டேங்குது" என்றாள் ஹாலிஸின் மனைவி ஒலீட்டா.

சிஸ்டர் காருக்குள் உட்கார்ந்து அழுததை எதிர்வீட்டிலிருந்து பார்த்தேன். சமையல் தோற்றதற்கு அழுகிறார் என்றுதான் ஊரில் பரப்பினேன். அப்படி இல்லை என்று எனக்கும் தெரியும்.

திடீரென்று ஒரு வாரம் ஹாலிஸ் மேசையில் உட்கார்ந்து பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒலீட்டாவே பிறகு என் அம்மாவிடம் சொன்னது இது. சிஸ்டர் மூக்கை உறிஞ்சினாராம்.

"என்ன வாசனை இது?"

"வீட்டுக்கு அடியில ஏதோ நாத்தம் புடிச்ச பிராணி, சிஸ்டர்."

"பிராணி இல்ல, மருந்து" என்றார் ஹாலிஸ். "பையன் கொலராடோல இருந்து கொண்டாந்தான், அங்க சட்டம் தடுக்கல. போலீஸ்ல சொல்றதுன்னா சொல்லுங்க, இதை முடிச்சிட்டு வர்றேன். இன்னும் கொஞ்சம் இருக்கா?"

சிஸ்டர் மிச்சத்தையும் பரிமாறிவிட்டு வந்தார்.

புதன்கிழமை சபை விருந்து. மேசை நடுவில் சிஸ்டரின் பாத்திரம். பக்கத்தில் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃபை வைத்துக்கொண்டே கார்லண்ட் ஆரம்பித்தார்.

"ஹாலிஸ் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டானாமே? தண்ணி இறங்காத ஆளாச்சே, சிஸ்டர். பையன் வேற கொலராடோல இருந்து வந்துட்டுப் போனானாம்?"

சிஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் ஹாலிஸ் கட்டிலிலிருந்து நேராகச் சிறைக்குப் போவார். சிஸ்டர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"ஏன் பிரதர், என் சமையலுக்குப் பசி வராதுங்கிறீங்களா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலை..."

"பின்ன எப்படிச் சொன்னீங்க? ஷெரிஃப் இங்கதானே இருக்காரு, கேளுங்க!"

வாய் நிறையச் சோறோடு ஷெரிஃப், "வரும் வரும், நல்லாவே வரும்" என்றார். கார்லண்ட் பரிகாரமாக இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

மறுநாள் ரேடியோ விளம்பரத்துக்குச் சிஸ்டர் பேச வேண்டியதை எழுதிக்கொண்டு வந்தார் கார்லண்ட். 'நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்தச் செடி தேவையில்லை.' சிஸ்டர் நிதானமாகப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தொண்டை கட்டிக்கிச்சு பிரதர்" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

ஓட்டு முடியும் வரை அந்தத் தொண்டை திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாடலில் மட்டும் ஜன்னல் அதிரும். முன் வரிசையில் கார்லண்ட் பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிர மாட்டார்.