படிக்கட்டுக்கு அடியில் பச்சைத் திரை

எல்லோருக்கும் வேண்டும், ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு சாமானை விற்றுப் பிழைத்தவள் நான். கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்களுக்கு என் பாடு புரியும். நீங்களாவது வேட்டி, சேலை, வாளி என்று சாமானின் பெயரைச் சொல்லி விற்றிருப்பீர்கள். எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் விற்றதற்கு 'அது' என்று பெயர். கொஞ்சம் துணிந்தவர்கள் 'பாடி' என்பார்கள். 'பிரா' என்பது காலேஜ் பேச்சு. அந்த வார்த்தையைச் சொன்னால் வாங்க வந்தவள் அப்படியே படி இறங்கிப் போய்விடுவாள்.

திரை வந்த விதம்

பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வேலை கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வரக் காத்திருப்பது ஒன்றுதான் பாக்கி வேலை. அப்போதுதான் கடைத்தெருவில் இருந்த ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். அவர் கடையில் விற்பவர்கள் எல்லோரும் ஆண்கள். வருகிற பெண்கள் சேலை எடுப்பார்கள், ரவிக்கைத்துணி கிழிக்கச் சொல்வார்கள், 'அது' இருக்கும் அலமாரியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பெண்பிள்ளை நின்றால் வாங்குவார்கள் என்பது அண்ணாச்சியின் கணக்கு. ஆனால் கூச்சம் அவர்களைவிட இவருக்குத்தான் அதிகம். அட்டைப் பெட்டிகளின் மேல் சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரிக்கெல்லாம் தாளும் பசையும் கொண்டு தானே ரவிக்கை போட்டுவிட்டார். எந்தப் பெட்டியில் எந்த அளவு என்பது அந்தத் தாளுக்கு அடியில் போய்விட்டது.

மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை கொடுத்தார். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாமல் இருக்க ஒரு பச்சைத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டார். போர்டு வைக்கவில்லை. என்ன எழுதுவது? மாதா கோயில் திருவிழா முடிகிற வரைக்கும் பார்ப்போம், சரிப்படாவிட்டால் மழைக்கு முன்னால் அந்த இடத்தில் குடை வைத்துக்கொள்கிறேன் என்றார். மூலை போனால் நானும் போக வேண்டியதுதான். முதல் இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் வயதான ஒரு அம்மாள் திரையை மெல்ல விலக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "டாக்டரம்மா எப்ப வருவாவ?"

இரண்டு முடிச்சு

பெண்கள் வராவிட்டால் என்ன, புருஷன்மார் வந்தார்கள். திரைக்கு வெளியே நின்று, கூரையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். அளவு கேட்டால், "உங்க அளவு இருக்கும்", "உங்களைவிடக் கொஞ்சம் தாட்டியம்" என்பார்கள். என் அளவு ஊருக்கெல்லாம் வாய்ப்பாடாகிப்போனதை நினைத்து ராத்திரி படுக்கையில் வெட்கப்பட்டதும் உண்டு, சிரித்ததும் உண்டு.

கொழும்புக்குத் தோணி ஓட்டுகிற ஒருவர் மட்டும் கூரையைப் பார்க்கவில்லை. நேராக வந்து, மடியிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முடிச்சு. பெண்சாதியைச் சுற்றி அவரே பிடித்துப் பார்த்த அளவு. மூச்சை விட்டபோது ஒரு முடிச்சு, இழுத்தபோது ஒரு முடிச்சு. அத்தனை சுத்தமான அளவு அதற்குப் பிறகு எனக்கு யாரிடமிருந்தும் வந்ததில்லை. எந்த முடிச்சுக்குக் கொடுக்கட்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "பெரிய முடிச்சுக்கே குடு தாயி. அவ நல்லாச் சிரிப்பா, தெறிச்சிரக் கூடாது."

யார் பார்க்கப் போகிறார்கள்

உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேலே புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். அங்கே வெயில் தலைக்கு மேலே மட்டுமல்ல, காலடியில் இருக்கிற உப்பிலிருந்தும் ஏறும். முத்தையாபுரத்துப் பக்கத்திலிருந்து அப்படி ஒருத்தி, சட்டையோடே, சனிக்கிழமை சாயங்காலம் வந்தாள். நான் படித்தவள் அல்லவா, அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தடித்த பருத்தியில் வெள்ளையாக நாலைந்து எடுத்துப் போட்டேன். வேர்வைக்கு நல்லது, வெளுக்கலாம், நாள்பட வரும் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தது பம்பாயிலிருந்து வந்த ரோஸ் நிறத்தை. ஓரத்தில் லேஸ் வைத்தது. வந்த நாளிலிருந்து யாரும் தொடாதது. அது வெயிலுக்கு அரிக்கும் என்றேன். கோயிலுக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். அதற்கும் மேலே ரவிக்கை வருமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேவிட்டேன். அவள் லேஸை விரலால் ஒரு தடவை தடவினாள். காப்புக் காய்த்த விரல், நூலில் மாட்டி மாட்டி வந்தது. "மேல போட்டிருக்கது அவன் சட்டை. உள்ள இருக்கதாவது என்னோடதா இருக்கட்டுமே."

எல்லாம் வெள்ளை

ஒரு மாமியாரும் புது மருமகளும் வந்தார்கள். மருமகள் கண் நீலத்தில் நின்றது. மாமியார் வெள்ளையைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. கொடியில் நீலம் தொங்கினால் பக்கத்து வீட்டு மச்சிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது புதுப்பெண்ணுடையது என்று தெரிந்துவிடுமாம். எல்லாம் வெள்ளையாக இருந்தால் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? நியாயமாகத்தான் பட்டது. நானும் என்னுடையதைத் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டு வந்தவள்தானே. எங்கள் ஊரில் அத்தனை வெயில் இருந்தும், வெளியே காயப்போடக் கூசி ஈரத்தோடு உடுத்திய பெண்கள் எத்தனை பேரோ!

மருமகள் எதிர்த்துப் பேசவில்லை. வெள்ளையை வாங்கிக்கொண்டு, நீலத்தை மட்டும் திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போனாள். மாமியார் செருப்பைத் தேடுவதுபோல் பின்தங்கினாள். குனிந்து என் காதோரம் சொன்னாள்: "அந்த நீலத்தையும் பொதிஞ்சு குடு. எங்க வீட்டுக் குசினிக்குள்ள, அடுப்புக்கு மேலயும் ஒரு கொடி உண்டு."

திருவிழாக் கூட்டம்

மாதா கோயிலில் கொடியேறிவிட்டது. கடற்கரை ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. கைக்குழந்தைக்காரிகளுக்குப் பால் கொடுக்க ஊரில் மறைவான இடம் கிடையாது. பெரியதாழையிலிருந்து வந்த ஒருத்தி பச்சைத் திரையைக் கண்டு உள்ளே நுழைந்தாள். மறுநாள் அவளைச் சேர்ந்தவர்கள் நாலு பேர். பிள்ளை குடிக்கிற நேரத்தில் தாய்க்கு வேறு வேலை இல்லை. கண் அலமாரியில் மேயும், பேச்சு வரும், அளவு வரும். என் மூலை நிரம்பி வழிந்தது.

அண்ணாச்சிக்கு அதுவே தலைவலியாகிவிட்டது. டீக்கடையில் மற்ற வியாபாரிகள் அவரை 'பாடிக்கடை அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஊருக்குள் அவருக்கு ஒரு மரியாதை உண்டு, கோயில் கமிட்டியில் இடம் உண்டு. இது ஜவுளிக்கடையா, ஆஸ்பத்திரியா என்று திரைக்கு வெளியே நின்று சத்தம் போட்டார். திருவிழா முடிந்த மறுநாள் திரை இறங்கும் என்றார். பெரியதாழைக்காரி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, வெளியே கேட்கும்படியாகவே சொன்னாள்: "பால் குடுக்க வந்த எடத்துல ரெண்டு பாடியும் வாங்கிட்டுப் போறேன். இதுல அண்ணாச்சிக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

மறுநாள்

திருவிழா முடிந்த மறுநாள் அண்ணாச்சி சொன்னபடி வந்தார். கூடவே, திரையைக் கழற்ற ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள். குடைக் கட்டுகள் நடைபாதையில் தயாராக இருந்தன. நான் உள்ளே இருந்தேன். பின்வாசல் வழியாக வந்த ஒரு அம்மாள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சியின் வீட்டம்மாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஆனாலும் அவள் கடைக்குள் கால் வைத்ததில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அண்ணாச்சி கையில்தான் போகும். டேப்பைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் இத்தனை காலமும் உடுத்தியது அவளுக்கு இரண்டு அளவு சின்னது. தோளில் பட்டை அழுந்திய தடம் கறுத்துப் பழந்தழும்பாகிவிட்டிருந்தது. அதைப் பார்த்த என் முகத்தை அவள் பார்த்தாள்.

உள்ளே யாரும் உண்டா என்று வெளியே அண்ணாச்சியின் குரல் கேட்டது. அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. "நான் இருக்கேன். கல்யாணமான நாள்ல இருந்து நீங்க கொண்டாந்து தந்ததத்தான் போட்டுட்டிருக்கேன், ஒண்ணாவது அளவா இருந்ததில்ல. இன்னைக்கு நானே பாத்து எடுக்கேன். நீங்க அங்கனயே நில்லுங்க."

அவள் நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், விரித்தாள், மடித்தாள். வெளியே ஸ்டூல் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அதன்மேல் யாரும் ஏறுகிற சத்தம் கேட்கவில்லை. திரையின் கீழே அண்ணாச்சியின் பாதங்கள் எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பின. ஆட்கள் என்ன செய்ய என்று கேட்டார்கள் போலிருக்கிறது. அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "குடைய மாடிக்குக் கொண்டு போங்கல. உள்ள ஆள் இருக்குல்லா."

ஒரு பெண் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஒரு முக்காலி போடுகிற மூலையும் வெளியே நிற்கத் தெரிந்த ஒரு ஆம்பிளையும் போதும், மூலைதான் சுலபமாகக் கிடைக்கும் என்பேன்.