இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் ஒரு சம்பந்தப் பேச்சு

எங்கள் மகளுடைய கலியாணப் பேச்சு இல்ஃபோர்டிலுள்ள ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் நடைபெற்றது. பெண் வீட்டில் நடக்கவேண்டிய காரியம் ஏன் அங்கே போயிற்று என்பதை விளக்குவதானால், அதற்கு முன்னர் வந்த இரண்டு தொலைபேசி அழைப்புகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாங்கள் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின் நடுப்பகுதியில். அப்போது மகள் பத்து வயதுப் பிள்ளை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊர் வாசிகசாலையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துத்தான் இந்தத் தமிழைக்கூடச் சேர்த்துக்கொண்டேன். இங்கே பாண் என்னும் ரொட்டி சுடும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. மகள் படித்தாள், பல்கலைக்கழகம் போனாள், அங்கே கூடப் படித்த ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையை விரும்புவதாகத் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் தாயிடம் சொன்னாள். தாய் என்னிடம் சொன்னாள். பையனை நான் இரண்டொரு தடவை கண்டிருந்தேன். மரியாதையான பிள்ளை. எனக்கு மறுப்பு எதுவும் இருக்கவில்லை.

முதலாவது அழைப்பு பையனின் தாயிடமிருந்து வந்தது. என் மனைவி நெடுநேரம் சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். கதை முடிந்து வந்து, நல்ல மனுசி, ஊர்ப் புதினமெல்லாம் ஆசையாகக் கேட்டா என்று சொன்னாள். என்ன கேட்டார் என்று விசாரித்தேன். எந்த ஊர் என்று கேட்டாராம். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டாராம். பிறகு, எந்தக் கோயிலடி என்று கேட்டாராம். நான் கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தேன்.

"அப்ப அவைக்குத் தெரிஞ்சிட்டுது," என்றேன்.

"தெரிஞ்சால் என்ன? இது லண்டன்," என்றாள் மனைவி.

எங்கள் ஊரில் ஒருவருடைய சாதியை எவரும் வாய்திறந்து கேட்பதில்லை. கோயிலைக் கேட்டால் போதும். நாங்கள் கோயிலுக்குள்ளே விடப்படாமல் வெளிவீதியோடு நிறுத்தப்பட்ட பகுதியார். எங்கள் வாழிடத்தின் பெயரே அதனைச் சொல்லிவிடும். இந்த நாட்டுக்கு வந்தபோது நானும் மனைவியும் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டோம்: மகளுக்கு இதனைச் சொல்வதில்லை. அவள் எங்கள் சாதியின் பெயரையே அறியாமல் வளர்ந்தாள்.

இரண்டாவது அழைப்பு சில நாள்கள் கழித்துப் பையனின் தகப்பனாரிடமிருந்து வந்தது. பிள்ளைகளின் விருப்பத்துக்குத் தாங்கள் குறுக்கே நிற்கவில்லை என்றும், வீட்டுக்கு வந்து எங்களைக் கரைச்சல்படுத்தாமல் வெளியில் எங்கேனும் சந்திப்பதே நல்லது என்றும் சொன்னார். என் மனைவிக்கு இது மிகவும் பிடித்துக்கொண்டது. பேச்சு முற்றாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்று ஒரு வழக்கம் உண்டல்லவா? அதனை இந்தக் காலத்திலும் மறவாமல் இருக்கிறார்கள், முறை தெரிந்த ஆட்கள் என்றாள். எங்கள் வீட்டுக்கு வர விரும்பாத ஒருவரும் அதே வசனத்தைத்தான் சொல்லுவார் என்பது என் மனத்தில் பட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பின் அதனைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தாலியக் கடையைத் தெரிந்தெடுத்தவள் மகள். "தமிழ்க் கடையெண்டால் வடை வரமுதல் கதை எட்மண்டனுக்குப் போயிடும், அப்பா," என்றாள். லண்டனின் வடக்கே எங்கள் ஆட்கள் நிறைந்த பகுதி அது.

கடை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பக்கத் தெருவில் சிறியதாக இருந்தது. வாசலில் குடைகள் வைக்க ஒரு பழைய பால் வாளி. சுவரில் ஏதோ ஓர் உதைபந்தாட்டக் குழுவின் மங்கிய படம். மேசைகள் நெருக்கமானவை, எழும்புவதானால் பின்னால் இருப்பவர் கதிரையை நகர்த்தவேண்டும். முதலாளி இத்தாலியின் தென்பகுதியைச் சேர்ந்த பருத்த மனிதர். தானே சமைப்பார். சமைத்துவிட்டு ஏப்ரனோடு வெளியே வந்து ஒவ்வொரு மேசையாக நின்று பார்ப்பார். சாப்பாட்டுக் கோப்பையில் உணவு மிஞ்சினால் அவருக்குப் பொறுக்காது. என்ன குறை என்று கேட்டே தீருவார் என்று மகள் முன்னரே சொல்லிவைத்திருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் மூவரும் வந்தார்கள். தகப்பனார் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் காசு வாங்கும் இடத்தில் இருக்கிறார் என்று பையன் சொல்லியிருந்தான். தாயார் குளிர்க் கோட்டுக்குள் பட்டுச் சேலை உடுத்திருந்தார். என் மனைவியும் அவ்வாறே. வெயிற்றர் பிள்ளை இருவரையும் பார்த்து, இன்றைக்கு உங்களுக்கு என்ன பெருநாள் என்று கேட்டாள். பெண்கள் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சற்று ஆறுதலாயிருந்தது.

எனக்கிருந்த சங்கடம் வேறு. அந்தத் தகப்பனாரை எப்படி அழைப்பது? அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். ஊரில் எங்கள் பகுதியார் அவர்களுடைய பகுதியில் மூத்தவர்களையும் இளையவர்களையும் ஒன்றுபோல 'ஐயா' என்றே அழைக்கவேண்டும். லண்டனில் அந்த வயதிலுள்ள ஒருவரை எவரும் 'அண்ணை' என்பார்கள். முதலாவது சொல் என் நாவுக்கு வந்தது, நான் விடவில்லை. இரண்டாவது வரவேயில்லை. ஆகவே அழைப்பே தேவைப்படாத வசனங்களாகப் பார்த்துப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தேன். குளிர் இம்முறை கூடத்தான். ரயில்கள் நேரத்துக்கு வருவதில்லை.

உணவு சொல்லும் நேரம் வந்தது. பிள்ளைகள் சூப்பும் பீட்சாவும் சொன்னார்கள். எனக்கும் மனைவிக்கும் தக்காளிக் குழம்பில் நூடுல்ஸ் போல ஒன்றை மகளே தெரிந்து சொன்னாள். தகப்பனார் விலைப்பட்டியலைத் திறக்காமலே மேசையில் வைத்தார்.

"எனக்கொண்டும் வேண்டாம், பிள்ளை. வயிறு சரியில்லை. ஒரு லெமனேட் காணும்."

தாயாரும், தான் காலையிலேயே நன்றாகச் சாப்பிட்டு வந்ததாகச் சொன்னார்.

லெமனேட் போத்தலும் ஐஸ் போட்ட ஒரு கிளாசும் வந்தன. அவர் கிளாசை ஓரமாக நகர்த்தினார். போத்தலின் வாயைக் கடதாசியால் துடைத்தார். ஸ்ட்ரோ ஒன்றை இட்டு உறிஞ்சத் தொடங்கினார்.

பிள்ளைகள் அதில் ஒன்றையும் காணவில்லை. காண நியாயமுமில்லை. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். ஊரில் தேர்தல் காலத்தில் பெரிய ஆட்கள் வாக்குக் கேட்டு எங்கள் முற்றத்துக்கு வருவதுண்டு. எங்கள் வீட்டுத் தேநீரை அவர்கள் தொடமாட்டார்கள். அது தெரிந்தபடியால் அவர்களுடைய தலை தெரிந்தவுடனேயே சைக்கிளில் ஆள் அனுப்பிச் சோடா எடுப்பிப்போம். மூடியை அவர்கள் கண்முன்னே உடைத்துக் கொடுக்கவேண்டும். எங்கள் பாத்திரம் படாத அந்தப் போத்தலில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, எல்லாரும் சமம் என்று பேசிவிட்டுப் போவார்கள்.

இங்கே சமைத்தவர் இத்தாலியர், கிளாசும் அவருடையது. எங்கள் கை எதிலும் படவில்லை. ஆகவே தகப்பனார் தவிர்த்தது அந்தக் கடையின் உணவை அல்ல. எங்களோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவதை. அது விளங்கியபின் எனக்கு என் கோப்பையிலிருந்த உணவு உள்ளே போகவில்லை. ஆனால் நானும் சாப்பிடாவிட்டால் மகள் கேட்பாள் என்பதற்காக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் முதலாளி வெளியே வந்தார். ஆறு பேர் இருக்கும் மேசையில் இரண்டு பேரின் முன்னால் கோப்பை இல்லாதிருப்பதைக் கண்டு அவருக்கு முகம் வாடிவிட்டது. பையன் ஆங்கிலத்தில், அப்பாவுக்கு வயிற்றுக் கோளாறு என்று விளக்கினான். அவர் கையை உயர்த்தி, பொறுங்கள் என்று சொல்லி உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் தெளிந்த சூப் கொண்டுவந்தார். தன் தாய் வயிற்று நோவுக்கு இதைத்தான் கொடுப்பாள் என்றும், இதற்குக் காசில்லை என்றும் சொல்லித் தகப்பனாரின் முன்னே வைத்துவிட்டு, குடிப்பதைக் கண்டே போவேன் என்பதுபோல இடுப்பில் கை வைத்து நின்றார்.

தகப்பனார் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தார். என் மகள் எட்டி, தன் கரண்டியாலேயே சீஸ் தூளை அள்ளி அதில் தூவி, கலக்கி, கிண்ணத்தை இரண்டு கைகளாலும் அவர் பக்கம் தள்ளினாள்.

"குடியுங்கோ, அங்கிள். சுகமாயிடும்."

அந்த மேசையில் ஐம்பது வயதைக் கடந்த நால்வருக்கும் ஒரே கணத்தில் மூச்சு நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அவள் சாப்பிட்ட கரண்டி அது.

"வேண்டாம், பிள்ளை," என்றார் அவர். குரலில் கடுமை இருக்கவில்லை. கிண்ணத்தைத் தொடாமல் கதிரையைப் பின்னுக்கு நகர்த்தினார்.

மகள் சிறிது வெட்கப்பட்டாள். தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணிப் பையனைப் பார்த்தாள். அப்போது பையனின் தாயார் கையை நீட்டினார்.

"இஞ்சை தா, பிள்ளை. எனக்குப் பசிக்குது."

"நீர் வீட்டிலை சாப்பிட்டனீரெல்லோ?" என்றார் கணவர்.

"அது காலமை."

மகள் புதுக் கரண்டி எடுக்கப் போனாள். தாயார் அவளுடைய கையில் இருந்ததையே வாங்கிக் குடிக்கத் தொடங்கினார். நடுவில் தலையை உயர்த்தி, என் மனைவியிடம், இவங்கள் உப்புக் குறைவாய்த்தான் போடுறாங்கள் என்றார். மனைவி ஓம் என்றாள். முதலாளி எவர் குடித்தாலும் சரி என்று திருப்திப்பட்டு உள்ளே போனார்.

சாப்பாடு முடிந்து பிள்ளைகள் காரை எடுத்துவரப் போனார்கள். பெண்கள் உள்ளே கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அவரும் நடைபாதையில் நின்றோம். இனிமேல் இப்படி ஒரு தனிமை வாய்க்காது என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணை," என்றேன். "என்ரை பிள்ளை உங்கட வீட்டுக்கு வந்து சமைச்சால், நீங்கள் சாப்பிடுவியளோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வயிற்றுக் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. அதற்கு நான் அவரை மதிக்கிறேன்.

"பொய் சொல்ல விருப்பமில்லை. பிள்ளை நல்ல பிள்ளை. கலியாணத்தை நான் குழப்ப மாட்டன். ஆனால் சாப்பாடு… என்னாலை ஏலாது. வேணுமெண்டு செய்யிறனெண்டு நினையாதேங்கோ. தொண்டையாலை இறங்காது."

வைத்தியரிடம் வருத்தத்தைச் சொல்லுவதுபோல அதனைச் சொன்னார். நான் இரக்கப்படுவேன் என்றுகூட எதிர்பார்த்தார் போலும். கார் வந்துவிட்டது. நாங்கள் பஸ்ஸில் போவதாகச் சொல்லிப் பிரிந்தோம்.

அன்று மாலை மகளுக்கு இதைச் சொல்வதா விடுவதா என்று நானும் மனைவியும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாதாடினோம். அவர்தான் குழப்பமாட்டன் என்றுவிட்டாரே, பிள்ளையின் சந்தோசத்தை ஏன் கெடுக்கிறீர்கள் என்றாள் மனைவி. சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் அந்த வீட்டில் ஆசையாகச் சமைத்து வைப்பாள். மாமனார் தொடமாட்டார். உப்புக் கூடிவிட்டதோ, உறைப்புக் குறைந்துவிட்டதோ என்று அவள் தன் கையிலேயே குற்றத்தைத் தேடிக்கொண்டிருப்பாள். அது எனக்குத் தாங்காது. ஆகவே போய்ச் சொன்னேன். கோயிலிலிருந்து தொடங்கி, மத்தியானம் கடையில் நடந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் இடைமறிக்காமல் கேட்டாள். பிறகு எழும்பிப் போய்ப் பையனுக்குத் தொலைபேசி எடுத்தாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. தகப்பன் பழைய ஆள் என்று அவனுக்குத் தெரியுமாம். வெளியில் போய் எல்லாரும் ஒன்றாக இருந்தால் சரிவந்துவிடும் என்று நினைத்தானாம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரலை மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு முட்டை பொரிக்கவும் வராது. அவர்தான் சமைக்கிறவர். மாமாவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

தாய் சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன். மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஊரிலை தேத்தண்ணிக் கடையிலை எதிலை தந்தவை?"

"எங்களுக்கெண்டு வைச்ச தகரப் பேணியிலை," என்றேன். "வெளியிலை நிண்டு குடிக்கவேணும்."

அடுத்த வருடம் கலியாணம் நடந்தது. தகப்பனார் வந்தார். செய்யவேண்டிய சடங்குகளையெல்லாம் முறையாகச் செய்தார். பிள்ளைகளுக்குத் திருநீறு பூசினார். பந்தி தொடங்குமுன், ஷிப்ட் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லி விடைபெற்றார். தாயார் இருந்து, என் மனைவியின் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி வீட்டுக்குப் போவாள். வீடு திரும்பியதும் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பாள். அவளே இப்போது சமைக்கப் பழகிவிட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன், மாமி நல்லாயிருக்கென்றா, என்ரை அவர் இரண்டு தரம் போட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். மாமாவைப் பற்றி, அவருடைய முழங்கால் நோவைச் சொல்லுவாள். அவர் பார்த்த செய்தியைச் சொல்லுவாள். சாப்பாட்டுக் கதையில் மட்டும் அவர் வருவதில்லை. நானும் கேட்பதில்லை. தாயிடம் கொடுக்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை மனைவியின் கையில் கொடுத்துவிடுவேன்.