கண்ணுக்கும் கயிற்றுக்கும் நடுவே

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கம்ப்யூட்டரில் படம் செய்வதெல்லாம் ஒரு வேலையா என்று அப்பாவுக்குச் சந்தேகம். துறைமுகத்தில் கப்பலைக் கயிற்றால் கட்டுபவர் அவர். அவரிடம் ஒருமுறையாவது பாராட்டு வாங்கிவிட, கம்ப்யூட்டரிலேயே பெரிய கப்பல் ஒன்றை உருவாக்கினேன். இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம். அட்டைக் கண்ணாடியில் போனைச் செருகிப் பார்த்தால் நிஜம்போல் முப்பரிமாணமாகத் தெரியும்.

ராயபுரம் வீட்டில் அதைப் பார்த்த அப்பா சிரித்துவிட்டார். "இன்னாடா, பொம்மைக் கப்பலு காட்டுற? இடுப்புல தூக்கிக்கினு போலாம் போல கீது!"

யோசித்தபோதுதான் தவறு புரிந்தது. ஆழம் தூக்கலாகத் தெரியட்டும் என்று கம்ப்யூட்டருக்குள் கண்ணுக்கு ஒன்றாக வைத்த இரண்டு கேமராவையும் ஒன்றுக்கொன்று நாற்பதடி தள்ளி வைத்திருந்தேன். அத்தனை அகலத்தில் கண்கள் உள்ள பூதத்துக்குக் கப்பல் பொம்மைதானே!

"நீ எங்க நின்னு கயிறு கட்டுவ, நைனா?" முதல்முறையாகக் கேட்டேன். அவர் சொன்ன இடத்தில், அவர் உயரத்தில், மனிதக் கண்களின் இடைவெளியில் கேமராக்களை வைத்தேன். கயிற்றையும் சேர்த்தேன்.

மறுநாள் கண்ணாடியை வைத்தவர் சிரிக்கவில்லை. சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்து, பக்கத்தில் இருந்த என்னையும் கையால் தள்ளினார்.

"கயிறு வெறைச்சிக்கினு கீதுடா. கிட்ட நிக்காத. அறுந்துச்சுன்னா ஆளு காலி."

பாராட்டு ஞாபகமே எனக்கு வரவில்லை. அந்தக் கயிற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றுதான் என்னைப் படிக்க வைத்திருக்கிறார்.