பின்பலகையிலிருந்து ஒரு 'போலாம்'

மழையில் நனைந்த ரெக்சினும் சாப்பாட்டுக்கூடைகளில் கசிந்த தயிர்ச்சோறும் கலந்து அடிக்கும் புளித்த வாடைதான் எனக்குக் கன்னியப்பன் அண்ணனின் சைக்கிள் ரிக்‌ஷா. மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர்ப் பள்ளிக்கு எங்கள் எட்டுப் பேரையும் அதில்தான் ஏற்றிப் போவார்; ஆனால் ஒருநாளும் எங்களை எண்ணிப் பார்த்ததில்லை. 'லாஸ்ட் சீட்டு' என்று நாங்கள் சொல்லும் பின்பலகையில் உட்காருகிறவள், எல்லாரும் ஏறியாயிற்றா என்று பார்த்து, 'போலாம்' என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை அவர் பெடலில் கால் வைக்க மாட்டார்.

மூன்றாம் வகுப்பில் அந்தப் பலகை எனக்கு வந்தது. எதற்கெடுத்தாலும் நடுங்குகிற நான், "தப்பா சொல்லிட்டா, அண்ணா?" என்றேன்.

"பயந்த ஆளுதான், கண்ணு, நல்லா பாக்கும்" என்று சிரித்தார்.

ஒரு மாலை மழை வலுக்க, "சொல்லேண்டி, நனையறோம்ல!" என்று மற்றவர்கள் கத்தியதில், பார்க்காமலே சொல்லிவிட்டேன். ஒன்றாம் வகுப்பு சுமதி பள்ளி வாசலிலேயே நின்றுவிட்டது பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பிப் போனபோது தொப்பலாக நனைந்து அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சுமதியின் அப்பா, "பின்னாடி பாக்க மாட்டியாய்யா நீ?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தப்புதான் சார். நான்தான் பாக்கல."

நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். எங்களை ஏற்றிக்கொண்டதும் வழக்கம்போல, "இன்னா கண்ணு, போலாமா?" என்று என்னைத்தான் கேட்டார். ஒவ்வொரு முகமாக மூன்று தடவை எண்ணினேன். அதுவரை காத்திருந்தார்.

அடுத்த வாரம் அவருக்குப் பதில் வேன் வந்தது; கதவுக்கு வெளித்தாழ்ப்பாள், முன்சீட்டில் மரஸ்கேலோடு ஓர் ஆள்.

எட்டாவதோடு படிப்பை விட்ட நான் இப்போது அடையாறில் ஒரு பள்ளி வேனின் ஆயா. தலைக்கு மேல் கேமரா. கடைசி சீட்டுப் பிள்ளையை ஒருநாள் 'போலாம்' சொல்லச் சொன்னேன்.

"இன்னா ஆயாம்மா வெள்ளாட்டு? எதனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் டிரைவர்.

பதில் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் அவரைப் போலச் சொல்லும் தைரியம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் வரவில்லை. மந்தைவெளியில் ரிக்‌ஷா நின்ற இடத்தை மெட்ரோ வேலையின் தகடுகள் மறைத்துவிட்டன. தினமும் இருபத்திரண்டு பேரையும் மூன்று தடவை எண்ணிவிட்டு, யாருக்கும் கேட்காமல் 'போலாம்' என்கிறேன்; அதற்குள் வேன் கிளம்பியிருக்கும்.